சாப்பிட மறுக்கும் பியர்டட் டிராகன் குட்டி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிறந்ததிலிருந்து ஆறு மாதம் வரையிலான பியர்டட் டிராகன் குட்டிகளுக்கானது இந்தப் பக்கம். கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் போகோனா விட்டிசெப்ஸ் என்ற இனம். ஆஸ்திரேலியாவின் உள்நாட்டு வறண்ட நிலத்தைச் சேர்ந்தது. நம்மூர் ஓணானும் இதுவும் ஒரே குடும்பம், அகமிடே. பல தலைமுறைகளாக வளர்ப்பிலேயே பிறந்து வந்தாலும் இதன் உடம்பு கேட்பது அந்த நிலத்து வெயிலைத்தான். குட்டி சாப்பிடவில்லை என்றதும் பலரும் பூச்சியை மாற்றிப் பார்ப்பார்கள். அதற்கு முன்னால் சூடு, ஒளி, பயம் ஆகிய மூன்றையும் சரிபாருங்கள். பெரும்பாலான பட்டினிக்குக் காரணம் அங்கேதான் இருக்கும்.

வாங்கி வந்து மூன்று நாள் ஆகிறது. எதையும் தொடவில்லை. இது ஆபத்தா?

குட்டி கண்ணைத் திறந்து சுற்றிலும் பார்க்கிறது, தானாக வெயில் காய்கிறது, ஆள் வந்தால் தலையைத் திருப்பிக் கவனிக்கிறது என்றால் இப்போதைக்குப் பதற வேண்டாம். இடம் மாறிய அதிர்ச்சியில் முதல் வாரம் சரியாகச் சாப்பிடாமல் இருப்பது சகஜம். இரண்டு வாரம் வரை அரைகுறையாகச் சாப்பிடும் குட்டிகளும் உண்டு.

அந்த முதல் வாரத்தில் கையில் எடுக்காதீர்கள். தொட்டியின் பின்பக்கத்தையும் இரு பக்கவாட்டுகளையும் வெளியிலிருந்து காகிதம் ஒட்டி மறைத்துவிடுங்கள். கண்ணாடியில் தெரியும் தன் பிம்பத்தை வேறொரு டிராகன் என்று நினைத்துக் கண்ணாடியைப் பிறாண்டிக்கொண்டே இருக்கும் குட்டிக்குச் சாப்பாட்டில் மனம் போகாது. நாய், பூனை, டிவி இருக்கும் இடத்திலிருந்து தொட்டியைத் தள்ளி வையுங்கள்.

இன்னொன்று: இதன் தலை உச்சியில் ஒளியை உணரும் மூன்றாவது கண் ஒன்று உண்டு. உருவம் அதில் தெரியாது. மேலே நிழல் விழுந்தால் தெரியும். மேலிருந்து வரும் நிழல் இதற்குப் பருந்துதான். அதனால் இரையை மேலிருந்து கொட்டாமல் பக்கவாட்டிலிருந்து, குட்டியின் கண்மட்டத்தில் கையை மெதுவாகக் கொண்டுபோய் விடுங்கள். முடிந்தால் இரையை விட்டுவிட்டு அறையை விட்டு வெளியே வந்துவிடுங்கள். ஆள் இருக்கும்போது அசையாமல் கிடந்த குட்டி, தனியாக விட்டதும் பாய்ந்து பிடிப்பதைப் பலமுறை பார்க்கலாம்.

விற்றவரிடம் கேட்க வேண்டியதையும் கேட்டுவிடுங்கள்: எந்தப் பூச்சி கொடுத்தார்கள், எந்த அளவில், தட்டில் வைத்தா தரையில் விட்டா, எத்தனை மணிக்கு. முதல் இரண்டு வாரம் அதையே அப்படியே தொடர்வது நல்லது.

எப்போது காத்திருக்கக் கூடாது?

எடைதான் இதற்கு நேர்மையான பதில் சொல்லும். ஒரு கிராம் வரை துல்லியமாகக் காட்டும் சமையலறை டிஜிட்டல் தராசு போதும். மிகச் சின்னக் குட்டிக்கு 0.1 கிராம் காட்டும் தராசு இன்னும் நல்லது, ஏனென்றால் முட்டையிலிருந்து வந்த குட்டி சில கிராம்தான் இருக்கும். ஒரு சின்ன டப்பாவை வைத்து தராசைப் பூஜ்ஜியமாக்கி, குட்டியை அதில் விட்டு எடை பாருங்கள். காலையில், முதல் இரைக்கு முன்னால், வாரத்துக்கு இருமுறை. எழுதி வையுங்கள்.

வளரும் வயதில் எடை ஏற வேண்டும். வந்த புதிதில் ஒரு வாரம் அப்படியே நின்றால் பரவாயில்லை. பத்து சதவீதம் குறைந்துவிட்டால், அதாவது 30 கிராம் இருந்த குட்டி 27 கிராமுக்கு வந்துவிட்டால், ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் போக வேண்டிய நேரம். ஏற்கெனவே நன்றாகச் சாப்பிட்டுவந்த, மூன்று மாதத்துக்குக் குறைந்த குட்டி திடீரென்று மூன்று நாள் முழுப் பட்டினி இருந்தாலும் அப்படியே.

கீழே சொல்பவை இருந்தால் எடையைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டாம், அன்றே போங்கள்: கால் விரல்கள் தானாகத் துடிப்பது, தாடை ரப்பர் மாதிரி வளைவது, பின்னங்காலை இழுத்து நடப்பது, மூக்கில் அல்லது வாயில் குமிழி, ரத்தம் கலந்த மலம், தலை பின்னால் வளைந்து அண்ணாந்தபடியே நிற்பது, தொட்டாலும் கண் திறக்காமல் துவண்டு கிடப்பது.

தொட்டி சூடாகத்தான் இருக்கிறது. அப்புறம் ஏன்?

"சூடாகத்தான்" என்பதை எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்பதுதான் முதல் கேள்வி. கண்ணாடியில் ஒட்டும் வட்ட முள் தெர்மாமீட்டர் காட்டுவது அந்தக் கண்ணாடியை ஒட்டிய காற்றின் சூட்டை, அதையும் பல டிகிரி தப்பாக. குட்டி படுத்திருக்கும் கல்லின் சூடு உங்களுக்குத் தெரிய வேண்டும். அதற்கு அகச்சிவப்பு டெம்பரேச்சர் கன் வேண்டும், இல்லாவிட்டால் ஒயர் முனையில் சென்சார் உள்ள டிஜிட்டல் தெர்மாமீட்டர். பல்பு போட்டு குறைந்தது ஒரு மணி நேரம் கழித்து, குட்டியின் முதுகு வரும் உயரத்தில் அளவெடுங்கள்.

குட்டிக்கு வெயில் காயும் இடத்தின் மேற்பரப்பு 40 முதல் 43 டிகிரி செல்சியஸ். எதிர்முனை 24 முதல் 29. இரவில் 18 முதல் 24. இரண்டு முனைக்கும் இந்த வித்தியாசம் இருந்தே ஆக வேண்டும், ஏனென்றால் இது தன் உடம்புச் சூட்டை நடந்து நடந்துதான் சரிசெய்கிறது. தொட்டி முழுக்க 38 டிகிரி என்றால் ஒதுங்க இடமில்லாமல் வாயைப் பிளந்தபடி கிடக்கும், சாப்பிடாது. முழுக்க 28 டிகிரி என்றால் செரிமானம் சரியாக நடக்காது. உடம்பு சுமார் 35 டிகிரிக்கு ஏறினால்தான் குடல் ஒழுங்காக வேலை செய்யும். குளிர்ந்த உடம்பில் போன இரை வயிற்றிலேயே தங்கி அழுகும். ஆகவே சூடு குறைவாக இருக்கும்போது குட்டி சாப்பிட மறுப்பது நோய் அல்ல. உடம்பு தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது.

சூடு போதவில்லை என்றால் மேடையை உயர்த்துங்கள் அல்லது பல்பின் வாட்ஸைக் கூட்டுங்கள். கூடிவிட்டால் டிம்மர் போடலாம். பல்பு வெள்ளை ஒளி தரும் சாதாரண ஹாலோஜன் ஃப்ளட் பல்பாக இருந்தாலே போதும். சிவப்பு, நீல பல்புகள் வேண்டாம். இரவில் எந்த ஒளியும் வேண்டாம். அறை 18 டிகிரிக்குக் கீழே போனால் மட்டும் ஒளி தராத செராமிக் ஹீட்டரை தெர்மோஸ்டாட்டோடு மாட்டுங்கள். மின்சாரத்தில் சூடாகும் 'ஹீட் ராக்' வாங்கவே வாங்காதீர்கள். இந்த விலங்குக்கு மேலிருந்து வரும் சூட்டை உணர்ந்து விலகத் தெரியும். அடிவயிற்றுக்குக் கீழே சுடுவது அவ்வளவாகத் தெரியாது. வெந்துபோன வயிறோடு மருத்துவரிடம் வரும்.

சென்னையோ மதுரையோ கோடையில் அறையே 36 டிகிரி இருக்கிறது, பல்பு எதற்கு என்று நினைக்கலாம். காற்றின் சூடு வேறு, கல்லின் சூடு வேறு. பல்பு வேண்டும், குளிர்ந்த முனையை 30 டிகிரிக்குள் வைக்க வழி செய்வதுதான் அங்கே சிரமம். ஏசி அறையில் சிக்கல் நேர்மாறு: இரவெல்லாம் ஏசி ஓடிய அறையில் காலை எட்டு மணிக்குக் கொடுத்த இரையைக் குட்டி திரும்பிக்கூடப் பார்க்காது.

யூவிபி விளக்கு இருக்கிறது. அதைச் சந்தேகப்பட வேண்டுமா?

கட்டாயம். யூவிபி என்பது வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிரில் ஒரு வகை. அது இல்லாமல் தோலில் டி3 வைட்டமின் உருவாகாது, டி3 இல்லாமல் தின்ற கால்சியம் உடம்பில் சேராது. கால்சியம் குறையக் குறைய தசை தளர்ந்து, தாடை வலுவிழந்து, பசி இருந்தும் மெல்ல முடியாத நிலைக்குக் குட்டி வரும். வளரும் குட்டிக்கு இது சில வாரங்களிலேயே நடக்கும்.

சுருள் வடிவச் சின்ன பல்பு போதாது. தொட்டி நீளத்தில் பாதி முதல் மூன்றில் இரண்டு பங்கு வரை வரும் டி5 எச்ஓ (அதிக ஒளி தரும் மெல்லிய குழல்) விளக்கு, யூவிபி 10 அல்லது 12 சதவீத வகை, வேண்டும். வெயில் காயும் இடத்தில் யூவி குறியீடு 3 முதல் 5 வரை இருக்க வேண்டும். சோலார்மீட்டர் 6.5 என்ற கருவியால் இதை அளக்கலாம்; விலை அதிகம் என்பதால் ஊர்வன வளர்ப்போர் குழுவில் யாரிடமாவது கடன் வாங்குங்கள். கருவி இல்லையென்றால் விளக்கு நிறுவனம் கொடுத்திருக்கும் தூர அட்டவணையைப் பின்பற்றுங்கள். விளக்குக்கும் குட்டிக்கும் நடுவே கம்பிவலை இருந்தால் யூவிபியில் மூன்றில் ஒரு பங்கு அங்கேயே போய்விடும், நெருக்கமான வலையில் இன்னும் அதிகம். கண்ணாடியோ பிளாஸ்டிக்கோ இருந்தால் யூவிபி கிட்டத்தட்ட வரவே வராது. ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயிலுக்கும் இதே கதிதான்.

விளக்கு எரிவதைப் பார்த்து ஏமாறாதீர்கள். கண்ணுக்குத் தெரியும் ஒளி அப்படியே இருக்கும், யூவிபி வற்றிப்போயிருக்கும். டி5 குழலை 12 மாதத்துக்கு ஒருமுறையும், பழைய டி8 குழலை 6 மாதத்துக்கு ஒருமுறையும் மாற்றுங்கள். மாட்டிய தேதியைக் குழல் முனையிலேயே மார்க்கரால் எழுதிவிடுங்கள். விளக்குகள் நாளுக்கு 12 முதல் 14 மணி நேரம், டைமர் வைத்து.

ஒரு நாளைக்கு எத்தனை முறை, எவ்வளவு?

நான்கு மாதம் வரை நாளுக்கு இரண்டு அல்லது மூன்று வேளை உயிருள்ள பூச்சி. ஒவ்வொரு வேளையும் 10 முதல் 15 நிமிடத்தில் எவ்வளவு தின்கிறதோ அவ்வளவு. பிறகு மிச்சத்தை எடுத்துவிடுங்கள். எண்ணிக்கை குட்டிக்குக் குட்டி மாறும், சின்ன கிரிக்கெட் பூச்சியில் (சில்வண்டு) நாளுக்கு 20 முதல் 50 வரை போகும். நான்கு மாதத்துக்கு மேல் இரண்டு வேளை. இந்த வயதில் உணவில் முக்கால் பங்கு பூச்சி, கால் பங்கு கீரை.

காலையில் விளக்கு போட்டு ஒன்றரை, இரண்டு மணி நேரம் வெயில் காய்ந்த பிறகே முதல் இரை. விளக்கணைக்க இரண்டு மணி நேரத்துக்கு முன் கடைசி இரை. வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் விளக்கைப் போட்ட கையோடு பூச்சியை விடுபவர்களின் குட்டிகள்தான் அதிகம் "சாப்பிட மாட்டேன் என்கிறது".

பூச்சி என்ன அளவில் இருக்க வேண்டும்?

குட்டியின் இரு கண்களுக்கும் நடுவே உள்ள இடைவெளியை விடப் பெரிதாக இருக்கக் கூடாது. பிறந்த குட்டிக்கு 3 முதல் 6 மில்லிமீட்டர். பெரிய பூச்சியைக் கண்டு பின்வாங்கும் குட்டியைச் சோம்பேறி என்று நினைக்காதீர்கள். அதற்குத் தெரிகிறது. சந்தேகம் இருந்தால் எப்போதும் ஒரு அளவு சின்னதை எடுங்கள்.

பூச்சியைப் பார்க்கிறது, தலையைச் சாய்க்கிறது, ஆனால் பிடிப்பதில்லை.

ஆர்வம் இருக்கிறது, ஏதோ ஒன்று தடுக்கிறது. அதைக் கண்டுபிடிக்க பக்கத்தில் உட்கார்ந்து கவனியுங்கள். நலமான குட்டி இரையைக் கண்டதும் உடம்பை நிமிர்த்தும், தலையை ஒரு பக்கம் சாய்த்து ஒற்றைக் கண்ணால் அளக்கும், நாக்கின் நுனி உதட்டுக்கு வெளியே லேசாக எட்டிப் பார்க்கும், அடுத்த நொடி பாயும். நாக்கு ஒட்டியதும் தாடை மூடும். இதில் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று பாருங்கள்.

பாய்ந்தும் குறி தவறினால், மறுபடி மறுபடி பக்கத்திலேயே கொத்தினால், கண்ணிலோ கால்சியத்திலோ கோளாறு. பிடித்துவிட்டு மெல்ல முடியாமல் துப்பினால் வாயைப் பாருங்கள்: ஈறு ஓரத்தில் சிவப்பு, வீக்கம், தயிர் மாதிரி படலம் இருந்தால் வாய்ப்புண் தொற்று. தாடையைக் கீழிருந்து விரலால் மிக மிக லேசாகத் தொட்டால் கெட்டியாக இருக்க வேண்டும். மூன்றுக்குமே மருத்துவர்தான்.

பாயவே இல்லை என்றால் பூச்சி வேகமாக இருக்கலாம், தொட்டியில் ஒளிந்துகொள்ள இடம் அதிகமாக இருக்கலாம். மேலே திறந்த, வழவழப்பான ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் குட்டியையும் ஐந்தாறு பூச்சிகளையும் விட்டுப் பாருங்கள். குட்டி சூடாக இருக்கும்போதே செய்யுங்கள், 15 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். டப்பாவுக்கு மாற்றுவதே பயமாகிறது என்றால் விட்டுவிடுங்கள். கிரிக்கெட்டின் பின்னங்காலை ஒடித்துவிட்டோ, சில நிமிடம் ஃப்ரிட்ஜில் வைத்தோ விட்டால் வேகம் குறையும்.

கண்ணை மூடிக்கொண்டே இருக்கிறது.

விளக்கைப் பாருங்கள். சுருள் பல்பு அருகில் இருந்தாலோ, குழல் மிக நெருக்கமாக இருந்தாலோ, விளக்கு மேலிருந்து வராமல் பக்கவாட்டில் கண்ணுக்கு நேராக அடித்தாலோ கண் எரியும். விளக்கைச் சரியான தூரத்துக்கு மாற்றினால் இரண்டு மூன்று நாளில் தெளியும். விளக்கு சரியாக இருந்தும் கண் மூடியே இருந்தால் நீர்ச்சத்துக் குறைவு, தொற்று, தோலுரிப்பில் ஒட்டிய துணுக்கு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

கிரிக்கெட் வேண்டாம் என்கிறது, புழு மட்டும் கேட்கிறது.

வாக்ஸ்வார்ம் என்ற மெழுகுப்புழு கொடுத்துப் பழக்கியிருப்பீர்கள். அதில் கொழுப்பு அதிகம், குட்டிகள் அதிலேயே சிக்கிக்கொள்ளும். நிறுத்திவிடுங்கள். எடை சரியாக இருக்கும் குட்டி ஓரிரு நாள் முறைத்துவிட்டு வழிக்கு வரும்.

ஒரே பூச்சியை மாதக்கணக்கில் தந்து சலித்துப்போவதும் உண்டு. அப்போது மாற்றலாம். டூபியா கரப்பான் நல்ல தேர்வு. மெதுவாக நகரும், கத்தாது, தப்பி ஓடாது. ஆஸ்திரேலியாவில் டூபியாவுக்கு அனுமதி இல்லை, அங்கே 'வூடி' என்ற கரப்பானைத் தருகிறார்கள். கருப்பு சிப்பாய் ஈயின் புழுவில் கால்சியம் இயல்பாகவே நிறைய. தட்டில் நெளிவதே குட்டியை இழுக்கும். பட்டுப்புழு மென்மையானது, நோயிலிருந்து தேறும் குட்டிக்கு ஏற்றது. ஹார்ன்வார்மில் பெரும்பகுதி தண்ணீர், பச்சை நிறம் கண்ணைக் கவரும், வாரத்துக்கு ஒன்றிரண்டு கொடுக்கலாம். மிக வேகமாகப் பெருத்துவிடும் என்பதால் சின்னதாக இருக்கும்போதே கொடுத்துவிடுங்கள். மீல்வார்ம், சூப்பர்வார்ம் இரண்டும் இந்த வயதுக்கு வேண்டாம், ஓடு கடினம்.

கால்சியப் பொடி தூவினால் சாப்பிடுவதில்லை.

அதிகமாகத் தூவுகிறீர்கள். ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் பூச்சிகளைப் போட்டு ஒரு சிட்டிகை பொடி போட்டு மெல்ல உருட்டுங்கள். பூச்சி விபூதி பூசியது போல மெல்லிய வெண்மையில் இருந்தால் போதும். நிறமே தெரியாமல் மாவில் புரட்டி எடுத்ததாக இருக்கக் கூடாது. தூவிய உடனே கொடுத்துவிடுங்கள், பூச்சி பத்து நிமிடத்தில் தன்னைத் துடைத்துக்கொள்ளும்.

நல்ல டி5 விளக்கு இருந்தால் வாரத்தில் ஐந்து நாள் டி3 சேராத கால்சியம், நாளுக்கு ஒரு வேளை. மற்ற இரு நாளில் ஒரு நாளோ இரு நாளோ டி3 உள்ள மல்டிவைட்டமின். கிரிக்கெட்டில் கால்சியத்தை விட பாஸ்பரஸ் பல மடங்கு அதிகம். உணவில் இது தலைகீழாக, கால்சியம் இரண்டு பங்கு பாஸ்பரஸ் ஒரு பங்கு என்று வர வேண்டும், அதற்குத்தான் இந்தப் பொடி. பூச்சிக்கும் ஒன்றிரண்டு நாள் முன்னாலிருந்தே கேரட், பூசணி, கடுகுக்கீரை என்று நல்ல தீனி போடுங்கள். வாங்கி வந்த டப்பாவில் பட்டினி கிடக்கும் பூச்சியில் ஓடு தவிர ஒன்றும் இருக்காது.

கீரையைத் தொடவே மாட்டேன் என்கிறது.

இந்த வயதில் அப்படித்தான். கவலை வேண்டாம், ஆனால் தினமும் காலையில் வையுங்கள். பழக்கம் பிறகு கைகொடுக்கும். குட்டியின் தலையை விடச் சின்னத் துணுக்குகளாக நறுக்கி, தண்ணீர் தெளித்து, மேலே இரண்டு புழுவை நெளிய விடுங்கள். புழுவோடு இலையும் வாய்க்குள் போகும்.

எந்தக் கீரை என்பதில் தமிழ்ச் சமையலறைக்கு ஒரு எச்சரிக்கை. பாலக், பசலை, சிறுகீரை, முளைக்கீரை, தண்டுக்கீரை எல்லாவற்றிலும் ஆக்சலேட் அதிகம். அது கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது. நமக்கு நல்லது என்று இவற்றைத் தினமும் போடாதீர்கள். கடுகுக்கீரை, டேன்டேலியன், கோலார்ட், எண்டைவ் இலைகளோடு துருவிய மஞ்சள் பூசணியும் சேர்ந்தால் நல்ல தட்டு. மருந்து தெளிக்காத செம்பருத்திப் பூவை இவை ஆசையாகத் தின்னும். அந்தச் சிவப்பைப் பார்த்தே கீரைத் தட்டுக்கு வரும். லெட்டூஸில் வெறும் தண்ணீர்தான். அவகாடோவும் ருபார்பும் விஷம்.

தோலுரிக்கிறது. அதனாலா?

ஆம். தோல் மங்கி சாம்பல் நிறமாவதிலிருந்து உரிந்து முடியும்வரை சில நாள் பசி குறையும், எரிச்சலாக இருக்கும். குட்டிகள் சில வாரத்துக்கு ஒருமுறை உரிக்கும். தோலை நீங்கள் பிய்க்காதீர்கள். விரல் நுனியிலும் வால் நுனியிலும் வளையமாகத் தங்கிவிட்டால் மட்டும் வெதுவெதுப்பான நீரில் ஊறவிடுங்கள்.

நாள் முழுக்கத் தூங்குகிறது. குளிர்கால உறக்கமா?

ஆறு மாதத்துக்குள் அப்படி நினைத்துவிடாதீர்கள். புருமேஷன் என்ற அந்த உறக்கம் வளர்ந்த டிராகன்களுக்கு, பெரும்பாலும் முதல் ஆண்டு முடிந்த பிறகே. குட்டி பகலில் தூங்கினால் சூடு, யூவிபி, நோய் என்ற வரிசையில் தேடுங்கள்.

மலம் கழித்து நாலு நாள் ஆகிறது, வயிறு கெட்டியாக இருக்கிறது.

ஒழுங்காகச் சாப்பிடும் குட்டி தினமும் கழியும். சாப்பிடாத குட்டி கழியாததில் அதிசயமில்லை. சாப்பிட்டுக்கொண்டிருந்தது நின்று, கழிவும் நின்று, முக்கினால் ஒன்றும் வராமல் இருந்தால் குடலடைப்பைச் சந்தேகப்படுங்கள். குறைந்த சூடு, நீர்ச்சத்துக் குறைவு, பெரிய பூச்சி, தொட்டியில் போட்ட மணல் அல்லது வால்நட் ஓட்டுத் தூள் ஆகியவை சேர்ந்துதான் இதைக் கொண்டுவரும். குட்டித் தொட்டியில் கிச்சன் பேப்பரே போதும். அதில் மலம் எப்படி இருக்கிறது என்பதும் தெளிவாகத் தெரியும்.

முதலில் புது இரையை நிறுத்துங்கள். சூட்டைச் சரிபாருங்கள். 32 முதல் 35 டிகிரி நீரில், குட்டியின் முழங்கை மூழ்கும் ஆழத்துக்கு மேல் போகாமல், 15 முதல் 20 நிமிடம் உட்காரவிடுங்கள். ஆறினால் வெந்நீர் சேருங்கள், பக்கத்தை விட்டு நகராதீர்கள். வயிற்றை மார்பிலிருந்து வால் பக்கமாக விரல் நுனியால் மெல்ல நீவலாம், அழுத்தக் கூடாது. பிறகு துடைத்து நேராக வெயில் காயும் இடத்தில் விடுங்கள். இரண்டு நாளில் கழியவில்லை என்றாலோ பின்னங்கால் தளர்ந்தாலோ எக்ஸ்ரே தேவை. பாரஃபின் எண்ணெய், விளக்கெண்ணெய் என்று எதையும் வாயில் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குப் போய்விடும்.

மலத்தைப் பார்த்து என்ன தெரிந்துகொள்ளலாம்?

நல்ல மலம் பழுப்பு நிறத்தில் உருவமாக இருக்கும். அதோடு ஒட்டி வரும் வெள்ளைப் பகுதி யூரேட், அதாவது சிறுநீரின் கெட்டியான வடிவம். மென்மையாக, வெண்மையாக இருக்க வேண்டும். அது மஞ்சளாகவோ ஆரஞ்சாகவோ, சுண்ணாம்புக் கட்டியாகவோ வந்தால் குட்டிக்குத் தண்ணீர் போதவில்லை.

தளர்ந்து, சளியோடு, அறையே நாறும்படி வந்தால் ஒட்டுண்ணிகளைச் சந்தேகிக்க வேண்டும். குட்டிகளின் பசியைக் கெடுப்பதில் காக்சிடியா முக்கியமான ஒன்று. பின்வார்ம் என்ற சின்னக் குடற்புழு கொஞ்சம் இருந்தால் பல மருத்துவர்கள் அப்படியே விட்டுவிடுவார்கள். பெருகினால் மட்டும் மருந்து. காக்சிடியாவுக்கு மருந்து கொடுக்கும் நாட்களில் கழிவைப் போட்ட உடனே அகற்றி, தண்ணீர்த் தட்டு, மேடை எல்லாவற்றையும் தினமும் கொதிநீரில் கழுவ வேண்டும். இல்லாவிட்டால் கழிவோடு வெளியேறிய ஒட்டுண்ணியைக் குட்டி மறுபடி தின்றுவிடும். தொட்டியில் மிஞ்சிய கிரிக்கெட்டுகளும் கழிவைத் தின்று, பிறகு அதே குட்டியின் வாய்க்குப் போகும். மிச்சப் பூச்சியை எடுக்கச் சொல்வதற்கு இது ஒரு காரணம். இரவில் தூங்கும் குட்டியை அவை கடிப்பது இன்னொன்று. நாய்க்கு வாங்கிய பூச்சி மருந்தை உத்தேசமாகப் பிரித்துக் கொடுக்கவே கூடாது.

இரண்டு குட்டிகள் ஒரே தொட்டியில். ஒன்று நன்றாகத் தின்கிறது, மற்றது தின்பதில்லை.

இன்றே பிரியுங்கள். ஒன்றின் மேல் ஒன்று ஏறிப் படுத்திருப்பது பாசம் அல்ல. மேலே இருப்பது வெயிலையும் யூவிபியையும் பறித்துக்கொள்கிறது. கீழே இருப்பது பயத்தில் சாப்பிடாமல் சிறுத்துப் போகும். விரல், வால் நுனி கடிபடுவதும் இப்படித்தான். ஒன்றையொன்று பார்க்காதபடி தனித் தொட்டிகள் வேண்டும். பிரித்த ஒரு வாரத்தில் சின்னது தின்ன ஆரம்பித்தால் காரணம் அதுவே. ஆரம்பிக்கவில்லை, வளர்ச்சியும் இல்லை, தலை அண்ணாந்து போகிறது என்றால் அடினோவைரஸ் இருக்கலாம். கழிவுப் புழை ஸ்வாபில், வைரஸின் மரபணுவைத் தேடும் பிசிஆர் பரிசோதனை செய்வார்கள். அதற்கு மருந்து கிடையாது, பராமரிப்பு மட்டுமே.

தண்ணீர் எப்படிக் கொடுப்பது?

பல குட்டிகளுக்குத் தேங்கிய தண்ணீர் கண்ணில் படுவதே இல்லை. ஊசி இல்லாத 1 மில்லி சிரிஞ்சில் ஒரு சொட்டை மூக்கு நுனியில் விடுங்கள். நக்க ஆரம்பித்தால் அடுத்த சொட்டு. தானாக நக்கும்வரை மட்டும். கண் குழி விழுந்திருந்தாலோ, விலாப்பக்கத் தோலை லேசாகக் கிள்ளி விட்டால் மடிப்பு அப்படியே நின்றாலோ, சொட்டுத் தண்ணீர் போதாது. மருத்துவர் தோலடியில் திரவம் ஏற்ற வேண்டியிருக்கும்.

வாயைத் திறந்து ஊட்டிவிடலாமா?

வீட்டில் நீங்களாகவே முடிவெடுத்துச் செய்யாதீர்கள். சின்னக் குட்டியின் தாடை எளிதில் முறியும். மூச்சுக்குழாயின் வாய் நாக்கின் வேர்ப்பகுதியிலேயே இருப்பதால் தள்ளியது நுரையீரலுக்குப் போகும். குளிர்ந்த, நீர்ச்சத்து இல்லாத உடம்பில் உணவைத் திணித்தால் நிலைமை மோசமாகும். சூடு முதலில், தண்ணீர் அடுத்தது, உணவு மூன்றாவது. நாள்கணக்கில் பட்டினி கிடந்த உடம்புக்கு ஒரேயடியாக நிறையக் கொடுத்தாலும் ரத்தத்தில் உப்புச் சமநிலை குலையும். மருத்துவர் அளவு சொல்லி, பிடிக்கும் விதத்தைக் காட்டிக்கொடுத்த பிறகு, ஊனுண்ணிகளுக்கான மீட்புத் தீனிப் பொடியைக் கரைத்துக் கொடுக்கலாம். அப்போதும் மூக்கு நுனியில் வைத்து நக்க விடுவதையே முதலில் முயலுங்கள்.

வெளியே பிடித்த பூச்சி கொடுக்கலாமா?

வேண்டாம். பூச்சிமருந்தும் ஒட்டுண்ணியும் அதோடு வரும். மின்மினிப்பூச்சி விஷயத்தில் இது உயிர் போகும் ஆபத்து: அதிலுள்ள லூசிபுஃபாஜின் என்ற நச்சால் ஒரே ஒரு மின்மினி வளர்ந்த டிராகனையே கொல்லும். தக்காளிச் செடியில் பிடித்த ஹார்ன்வார்மும் விஷம். கடையில் வாங்குவது தனித் தீனியில் வளர்த்தது. ஜன்னல் வழியே பூச்சி வரும் வீடுகளில் தொட்டிக்கு மூடி கட்டாயம்.

மருத்துவரிடம் போகும்போது என்ன கொண்டுபோக வேண்டும்?

ஊர்வன பார்ப்பவரா என்று முன்கூட்டியே ஃபோனில் கேளுங்கள். 24 மணி நேரத்துக்குள் கழிந்த மலத்தை மூடிய டப்பாவில், காயாமல், ஃப்ரிட்ஜில் வைத்திருந்து எடுத்துப் போங்கள். எடைக் குறிப்பு, தொட்டியின் முழுப் படம், விளக்குகளின் பெயரும் மாட்டிய தேதியும், இரு முனைச் சூட்டளவு, கால்சியப் பொடி டப்பாவின் படம், இவை கையில் இருந்தால் பாதி நோயறிதல் மேசையிலேயே முடியும். நடுக்கம், விழுதல் போன்றவை மருத்துவர் முன்னால் வராமல் போகலாம், ஃபோனில் வீடியோ எடுத்துவிடுங்கள். பயணத்தில் குட்டி குளிரக் கூடாது: துணி சுற்றிய வெந்நீர் பாட்டிலை டப்பாவின் ஒரு பக்கத்தில் மட்டும் வையுங்கள்.

மறுபடி சாப்பிட ஆரம்பித்துவிட்டது. இப்போது?

ஆவலில் அள்ளிக் கொட்டாதீர்கள். முதல் இரண்டு நாள் சின்ன, மென்மையான இரை, வழக்கத்தில் பாதி அளவு, இரண்டு வேளை. பட்டுப்புழு அல்லது சிப்பாய் ஈப் புழு. மலம் ஒழுங்காக வந்த பிறகு பழைய அளவு. கையில் எடுப்பதை இன்னும் ஒரு வாரம் தள்ளிப்போடுங்கள், தொட்டிக்குள் கை விட்ட ஒவ்வொரு முறையும் சோப்பு போட்டுக் கழுவுங்கள், சால்மோனெல்லா இவற்றின் குடலில் சாதாரணமாக இருக்கும். பட்டினிக்கு முன்னிருந்த எடை திரும்பி, அதற்கு மேல் இரண்டு வாரம் தொடர்ந்து ஏறும்வரை தராசை உள்ளே எடுத்து வைக்காதீர்கள்.